கிளை பட்டுப்போகாமல் இருக்க: பொறியாளர் சங்கக் கிளைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகத் தேர்வான பொருளாளர் வங்கியிலிருந்து திரும்பி வந்த அந்த மாலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கொண்டுபோன படிவம் அப்படியே கையில் இருந்தது. கிளையின் கணக்கில் பணம் இருக்கிறது, எடுக்கத்தான் வழியில்லை. காசோலையில் கையெழுத்துப் போடும் உரிமை இரண்டு பேருக்கு. ஒருவர் வேலை மாறி வேறு நாட்டுக்குப் போயிருந்தார். மற்றவர் செயற்குழுவை விட்டு விலகி மூன்று வருடம் ஆகியிருந்தது. பத்து நாளில் ஒரு பயிலரங்கு, அரங்கத்துக்கு முன்பணம் கட்டியாக வேண்டும். கடைசியில் தலைவர் தன் சொந்தப் பணத்தைப் போட்டார். அது அவர் கைக்குத் திரும்பி வர ஏழு மாதம் ஆனது.

அதில் யாரும் ஏமாற்றவில்லை, சோம்பி இருக்கவும் இல்லை. பொறுப்பு கைமாறியபோது வங்கிக்கு ஒரு நடை போய்வர மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். கிளைப் பணியில் சில வருடங்கள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பொறியாளர் சங்கக் கிளைகள் பெரும்பாலும் பட்டுப்போவது இந்தக் கைமாறும் இடத்தில்தான்.

தவறுகளுக்குள் போகும் முன் கிளை எப்படி அமைகிறது என்று பார்த்துவிடலாம். பாதித் தவறுகள் அது புரியாததால் வருபவை.

லண்டனில் 1818இல் இளம் பொறியாளர்கள் சிலர் ஒரு காபிக் கடையில் கூடித் தொடங்கியதுதான் சிவில் பொறியாளர் நிறுவனம். தாமஸ் டெல்ஃபோர்டு 1820இல் அதன் முதல் தலைவரானார், 1828இல் அரச சாசனம் கிடைத்தது. சங்கம் ஒரு நகரத்தில் இருந்தால், அந்த நகரத்துக்கு வந்துபோக முடிந்தவர்களுக்குத்தான் அது முழுதாகப் பயன்படும். அணையும் ரயில் பாதையும் மின் நிலையமும் கட்டுகிற பொறியாளர் எங்கெங்கோ இருப்பார். அமெரிக்காவில் 1884இல் தொடங்கிய மின்பொறியாளர் சங்கம் இதை நன்றாக உணர்ந்தது. 1902இல் அதன் தலைவரான சார்லஸ் ஸ்காட், உறுப்பினர்கள் வேலை செய்கிற ஊர்களிலேயே கிளைகளும், கல்லூரிகளில் மாணவர் கிளைகளும் அமைய ஊக்கம் கொடுத்தார். அந்தச் சங்கமும் 1912இல் தோன்றிய ரேடியோ பொறியாளர் சங்கமும் 1963இல் ஒன்றாகி, இன்று நாம் ‘ஐ ட்ரிபிள் ஈ’ என்று சொல்கிற ஐஇஇஇ ஆயின.

அந்த ஐஇஇஇயின் அமைப்பையே எடுத்துக்கொள்வோம். நெடுங்காலமாக உலகத்தை 10 பிராந்தியங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆசியாவும் பசிபிக் பகுதியும் 10ஆவது. பிராந்தியத்துக்குள் செக்‌ஷன்கள், தேவைப்படும் இடத்தில் அதற்குள் சப்செக்‌ஷன்கள். இது இடத்தை வைத்த பிரிவு. இன்னொரு பக்கம் துறையை வைத்த பிரிவு: கணினி, மின்சக்தி, தகவல்தொடர்பு என்று தனித்தனிச் சொசைட்டிகள். ஒரு செக்‌ஷனுக்குள் ஒரு சொசைட்டியின் உறுப்பினர்கள் சேர்ந்து அமைப்பதுதான் சாப்டர். ஆக, சாப்டருக்குத் தாய்வீடு ஒன்று, தந்தைவீடு ஒன்று. இரண்டு வீட்டிலிருந்தும் உதவி வரும். இரண்டு வீட்டுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். பல சாப்டர்கள் செக்‌ஷனிடம் மட்டும் பேசிவிட்டுச் சொசைட்டியை மறந்தே போகின்றன. அந்தச் சொசைட்டியிடம் சாப்டர்களுக்கென்றே ஒதுக்கிய நிதி இருக்கக்கூடும். கேட்காமல் அது வராது.

சரி, தவறுகளுக்கு வருவோம்.

முதல் தவறு தொடக்கத்திலேயே நடக்கிறது. சாப்டர் அமைக்க 12 உறுப்பினர்கள், செக்‌ஷன் அமைக்க 50 உறுப்பினர்கள் கையெழுத்திட்ட விண்ணப்பம் வேண்டும் என்பது ஐஇஇஇ விதி. மற்றச் சங்கங்களிலும் இதைப் போல ஏதோ ஓர் எண்ணிக்கை இருக்கும். ஆர்வமுள்ள ஒருவர் நண்பர்களிடம் போய் “சும்மா ஒரு கையெழுத்துப் போடு, வேலை எல்லாம் நான் பார்த்துக்கிறேன்” என்று சொல்லித் தாளை நிரப்பிவிடுவார். அனுமதியும் கிடைத்துவிடும். தொடக்க விழாவுக்கு அறுபது பேர் வருவார்கள். அடுத்த கூட்டத்துக்கு ஒன்பது பேர். அந்த 12 என்ற எண்ணை நான் தகுதி எண்ணாகப் பார்ப்பதில்லை. வருடம் முழுக்க மாறி மாறித் தோள் கொடுக்க எத்தனை பேர் வேண்டும் என்பதற்கான குறைந்தபட்சக் கணக்கு அது. கையெழுத்து வாங்கும்போதே “இந்த வருடம் நீங்கள் எந்த ஒரு வேலையை எடுத்துக்கொள்வீர்கள்?” என்று கேட்டு, பெயருக்குப் பக்கத்திலேயே பதிலை எழுதிக்கொள்ளுங்கள். பதில் சொல்லாதவர் பெயரை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். விண்ணப்பம் ஆறு மாதம் தாமதமானால் பரவாயில்லை.

அடுத்தது அறிக்கை. இதை எழுதும்போதே பலருக்கு அலுப்புத் தட்டும் என்று தெரியும். ஆனால் கிளைக்கு வரும் ஆதரவின் குழாய் இதுதான். தலைமையகம் செக்‌ஷனுக்கு ஆண்டுதோறும் தருகிற தொகை உறுப்பினர் எண்ணிக்கையைப் பொறுத்தது. அது கிடைக்க மூன்று விவரங்கள் போயிருக்க வேண்டும்: பொறுப்பாளர்கள் யார், என்னென்ன கூட்டங்கள் நடந்தன, வரவு செலவு என்ன. சாப்டர் என்றால் வருடத்துக்கு 2 கூட்டமாவது நடத்த வேண்டும், செக்‌ஷன் என்றால் 5. எந்தச் சுறுசுறுப்பான கிளையும் இதைவிட அதிகமாகவே நடத்தும். நடத்தியதைப் பதிவுசெய்வதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

எப்படி என்று சொல்கிறேன். பதினோரு மாதம் ஒன்றும் எழுதாமல் இருந்துவிட்டு, கெடு முடிவதற்கு இரண்டு நாள் முன்னால் செயலாளர் உட்காருவார். மார்ச் மாதக் கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள்? புகைப்படத்தை விரித்து வைத்துத் தலைகளை எண்ணுவார். அதில் உறுப்பினர் எத்தனை பேர், விருந்தினர் எத்தனை பேர்? தெரியாது. உத்தேசமாக ஓர் எண்ணைப் போடுவார். அந்த உத்தேச எண்ணை நம்பி அடுத்த வருடத் திட்டம் போடுவார்கள். இதற்கு மருந்து ஒன்றுதான்: கூட்டம் முடிந்த அன்று இரவே பதிவு. வருகைத் தாளில் உறுப்பினர் எண்ணுக்கென ஒரு கட்டம் இருந்தால், வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஐஇஇஇ இதற்கென்று ‘விடூல்ஸ்’ என்ற இணையக் கருவியையே கொடுத்திருக்கிறது. கூட்ட அறிவிப்பை அதிலேயே போட்டால், பாதி அறிக்கை தானாகவே தயாராகிவிடும். அறிவிப்பை வாட்ஸப்பில் மட்டும் அனுப்பிவிட்டு, அப்புறம் தனியாக அறிக்கை எழுதுவது இரட்டை வேலை.

பணத்தைப் பற்றி ஒரே வார்த்தை, ஆனால் அழுத்தமாக: கிளைப் பணம் யாருடைய சொந்தக் கணக்கிலும் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. “வங்கிக் கணக்கு தொடங்க நாளாகும், அதுவரை என் கணக்குக்கு அனுப்புங்கள்” என்பது நல்ல மனதோடு சொல்லப்படுவதுதான். நல்ல மனிதர்களுக்குள் மனக்கசப்பு வந்ததை நான் பார்த்த இடங்களில் எல்லாம் தொடக்கம் இதுவாகத்தான் இருந்தது. கணக்கு தொடங்கும்வரை செக்‌ஷனின் கணக்கு வழியாகச் செலவு செய்யலாமா என்று கேளுங்கள். மாநாடு நடத்தப் போகிறீர்கள் என்றால், நட்டம் வந்தால் யார் தாங்குவது, மிச்சம் வந்தால் யாருக்கு எத்தனை பங்கு என்பதை முதல் அறிவிப்பு வெளியாகும் முன்பே எழுத்தில் வைத்துவிட வேண்டும். விடுதியோடும் அரங்கத்தோடும் போடும் ஒப்பந்தத்தில் கிளைத் தலைவரே கையெழுத்திடலாமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பல சங்கங்களில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் அந்த உரிமை மேலிடத்துக்குத்தான்.

நிகழ்ச்சிகளில் நடக்கும் தவறு வேறு மாதிரி. வருடத்துக்கு ஒரு பெரிய மாநாடு, மற்றப் பதினோரு மாதமும் மௌனம். மாநாட்டுக்கு உழைத்தவர்கள் களைத்துப்போய் அடுத்த வருடம் தலைகாட்ட மாட்டார்கள். எனக்கு மாதாந்தரச் சின்னக் கூட்டம்தான் பிடிக்கும். பம்ப் ஒன்று ஏன் அடிக்கடி பழுதாகிறது என்று வேலைத்தளத்தில் இருக்கிற ஒருவர் நாற்பது நிமிடம் பேசுவார், இருபது பேர் கேள்வி கேட்பார்கள். அந்த 1818ஆம் வருடக் கூட்டமும் ஏறக்குறைய இதற்காகத்தான் கூடியது, ஒருவர் வேலையை மற்றவர் அறிந்துகொள்ள.

அதற்காக வெளியிலிருந்து அறிஞர்களை அழைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐஇஇஇயின் பல சொசைட்டிகள் தேர்ந்த விரிவுரையாளர்களைத் தாங்களே நியமித்து, அவர்கள் சாப்டர்களுக்குப் போய்வரும் பயணச் செலவை முழுதாகவோ பகுதியாகவோ ஏற்கின்றன. உள்ளூர் ஏற்பாடு மட்டும் சாப்டருடையது. இவ்வளவு நல்ல ஏற்பாட்டைப் பல கிளைகள் ஒருமுறைகூடப் பயன்படுத்துவதில்லை. பயன்படுத்துகிறவர்களும் தேதியில் சறுக்குவார்கள். ஒருமுறை ஒரு பேராசிரியர் ஒன்பது மணி நேரம் விமானத்தில் வந்து இறங்கினார். இருநூறு இருக்கை அரங்கம், எண்ணிப் பார்த்தால் பதினான்கு பேர். அந்த வாரம் கல்லூரிகளில் தேர்வு, பக்கத்து ஆலையில் ஆண்டுப் பராமரிப்பு நிறுத்தம். யாரும் நாள்காட்டியைப் பார்க்கவில்லை. அவர் முன்வரிசைக்குக் கீழே இறங்கி வந்து, ஒலிபெருக்கியை ஓரமாக வைத்துவிட்டு, அந்தப் பதினான்கு பேரோடு வட்டமாக உட்கார்ந்து பேசினார். அந்தப் பெருந்தன்மை அவருடையது, ஏற்பாட்டுக் குறை எங்களுடையது. இப்போது நான் சொல்வது இதுதான்: ஆலைக்கும் கல்லூரிக்கும் போன் போட்டுத் தேதியை முடிவுசெய்துவிட்டு, அப்புறம் விரிவுரையாளரைக் கேளுங்கள். பக்கத்துக் கிளைகள் இரண்டு மூன்றையும் சேர்த்துக்கொண்டு ஒரே பயணத்தில் அவர் எல்லா இடத்துக்கும் போகும்படி செய்யுங்கள். ஐம்பது பேருக்கு மேல் வருவார்கள் என்று உறுதியாகத் தெரியாதவரை சின்ன அறையே போதும்.

மாணவர் கிளைகளை நாற்காலி போடவும் வரவேற்பு மேசையில் நிற்கவும் மட்டும் கூப்பிடுவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற பழக்கம். பட்டம் வாங்கியதும் அவர்கள் ஏன் உறுப்பினராகத் தொடர்வதில்லை என்று செயற்குழுவில் கவலைப்படுவோம். நான்கு வருடம் அவர்களுக்கு நாம் காட்டியது நாற்காலியைத்தானே? மாணவர் கிளைப் பொறுப்பாளரைச் செயற்குழுக் கூட்டத்தில் உட்கார வையுங்கள், வரவு செலவைக் காட்டுங்கள். தொலைவில் இருக்கிற உறுப்பினர்கள் விஷயமும் இப்படித்தான். எல்லாக் கூட்டமும் ஒரே இடத்தில், வேலைநாள் மாலையில் என்றால் மூன்று மணி நேரப் பயணத்தில் இருப்பவர் எப்படி வருவார்? வருடத்தில் இரண்டு கூட்டத்தையாவது அவர் பக்கம் கொண்டுபோங்கள். அங்கே ஆள் சேர்ந்தால் அதுவே நாளைக்கு ஒரு சப்செக்‌ஷன்.

இப்போது நான் தொடங்கிய இடத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

ஒரே ஆள் எல்லாவற்றையும் தாங்குகிற கிளை வெளியிலிருந்து பார்க்க மிக நன்றாக இருக்கும். அறிவிப்பு ஒழுங்காக வரும், கூட்டம் நேரத்துக்குத் தொடங்கும். “அவர் இருக்கும்வரை கவலை இல்லை” என்பார்கள். கவலைப்பட வேண்டிய வாக்கியமே அதுதான். அவருக்கு வேலை மாற்றம் வரும், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போகும். அன்றைக்குப் பார்த்தால் உறுப்பினர் பட்டியல் அவர் மடிக்கணினியில், சமூக ஊடகக் கணக்கின் கடவுச்சொல் அவர் நினைவில், பேச்சாளர்களின் தொலைபேசி எண்கள் அவர் போனில். அவர் எதையும் ஒளித்து வைத்தவர் இல்லை. யாரும் அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை.

“வேறு யாரும் முன்வரமாட்டேன் என்கிறார்கள்” என்று சொல்லித்தான் ஒருவர் ஆறு வருடம் தலைவராக இருப்பார். நான் கவனித்தவரை, கூட்டத்தின் கடைசியில் “ஆர்வமுள்ளவர்கள் வாருங்கள்” என்று பொதுவாக அழைத்தால் யாரும் வருவதில்லை. ஒருவரைத் தனியாகப் பார்த்து, “அடுத்த மூன்று கூட்டத்துக்கும் பேச்சாளர் ஏற்பாட்டை மட்டும் நீங்கள் செய்கிறீர்களா?” என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். வேலைக்கு எல்லை தெரிய வேண்டும், முடியும் நாள் தெரிய வேண்டும். அப்படி ஒரு சின்ன வேலையை முடித்தவர்தான் அடுத்த வருடத் துணைத்தலைவர், அதற்கு அடுத்த வருடம் தலைவர். முன்னாள் தலைவருக்கும் செயற்குழுவில் ஒரு வருடம் இடம் கொடுங்கள், ஆனால் கூட்டத்தை அவர் நடத்தக் கூடாது. கேட்டால் சொல்ல ஆள் இருக்கிறார் என்ற தெம்பு புதியவருக்குப் போதும்.

அந்த வங்கிச் சம்பவத்துக்குப் பிறகு நாங்கள் ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் வாங்கினோம். முதல் பக்கத்தில் கணக்கு எந்த வங்கியில், கையெழுத்துப் போடுகிறவர்கள் யார், கடைசியாக மாற்றிய தேதி. இரண்டாம் பக்கத்தில் எந்தெந்த மாதம் எந்த அறிக்கை. மூன்றாம் பக்கத்தில் மின்னஞ்சல் கணக்குகள், எல்லாம் பதவியின் பெயரில், ஆளின் பெயரில் இல்லை. அதற்கு அடுத்த பக்கங்கள் அந்தந்த வருடப் பொறுப்பாளர்களுக்கு. எது சரிப்பட்டு வரவில்லை என்று ஒவ்வொருவரும் தங்கள் கையால் ஒரு பக்கம் எழுத வேண்டும். ‘பயிலரங்குக்குச் சனிக்கிழமை வேண்டாம், பாதிப் பேருக்கு அன்று ஷிஃப்ட்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த ஒரு வரி அடுத்து வந்த இரண்டு குழுக்களுக்கு உதவியது.

அடுத்த தேர்தல் முடிந்த வாரத்தில் பழைய பொருளாளரும் புதிய பொருளாளரும் நோட்டை எடுத்துக்கொண்டு ஒன்றாகவே வங்கிக்குப் போனார்கள். முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்து, முதல் பக்கத்தில் பழைய பெயரின் மேல் ஒரு கோடு போட்டு, கீழே புதிய பெயரையும் தேதியையும் எழுதினார்கள்.