வெளிநாட்டுக்குப் பார்சல் அனுப்பினால் அங்கு விழும் வரி யார் தலையில்?

ஆம்பூர்க் காலணியும் இராணிப்பேட்டைத் தோலும் கடல் கடந்து போவது பழைய வட ஆற்காட்டுக்குப் புதிதன்று. பெரிய தொழிற்சாலைகளில் இறக்குமதி வரியைப் பற்றிக் கவலைப்படத் தனிப் பிரிவு இருக்கும், சென்னையில் சுங்க வேலையைக் கவனிக்கும் முகவர் (சி.எச்.ஏ.) ஒருவரும் இருப்பார். இந்தக் குறிப்பு அவர்களுக்காக எழுதப்படவில்லை. பேரணாம்பட்டிலோ மேல்விஷாரத்திலோ சிறு பட்டறையில் பெல்ட்டும் பர்ஸும் தைப்பவர்கள், கரிகிரி மண்பாண்டத்துக்கோ ஆரணிப் பட்டுக்கோ வாட்ஸ்அப்பில் ஆர்டர் பிடித்து வேலூரில் கூரியரிலோ தபாலிலோ பெட்டியைக் கொடுத்துவிட்டு வருபவர்கள் ஆகியோருக்கானது இது.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இறக்குமதி வரியைப் பொறுத்தவரை பொறுப்பு மூன்று இடங்களில் தனித்தனியாக முடிவாகிறது. சரக்கு போய்ச் சேரும் நாட்டின் சுங்கத்துறைக்கு, அங்கு இறக்குமதியாளர் என்று எவர் பெயர் பதிவாகிறதோ அவரே பொறுப்பாளி. வேறு ஏற்பாடு இல்லாதபோது அது பொதுவாகச் சரக்கைப் பெறுபவர்தான். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே அந்தச் செலவை யார் தாங்குவது என்பதை இன்வாய்ஸில் எழுதும் வணிக நிபந்தனை தீர்மானிக்கிறது. கூரியர் நிறுவனமோ இவ்விரண்டையும் பார்ப்பதில்லை. பார்சலுக்கான அனுப்புகைச் சீட்டாகிய ஏர்வே பில்லில் அனுப்புநராகக் கையெழுத்திட்டவரை அது பார்க்கிறது. பெறுபவர் வரியைச் செலுத்த மறுத்தால், சுங்கத்தில் தான் முன்கூட்டிச் செலுத்திய தொகையை அனுப்பியவரிடமே கேட்கும் உரிமை பெரும்பாலான கூரியர் நிபந்தனைகளில் பொடி எழுத்தில் இருக்கும். நம்மவர்கள் அகப்பட்டுக்கொள்வது பெரும்பாலும் இந்த மூன்றாவது இடத்தில்தான்.

வணிக நிபந்தனைகளுக்குப் பன்னாட்டு வணிகச் சபை வெளியிடும் இன்கோடெர்ம்ஸ் தொகுப்பே பொது அளவுகோல். 2020 சனவரி 1 முதல் நடப்பில் உள்ள அதன் பதிப்பில் மொத்தம் 11 நிபந்தனைகள் உள்ளன, அவற்றில் டி.டி.பி. (வரியும் செலுத்தி ஒப்படைத்தல்) என்ற ஒன்றில் மட்டுமே இறக்குமதி வரி விற்பவரைச் சேரும். மற்ற பத்திலும் அது வாங்குபவருடையது. சி.ஐ.எஃப். விலை சொல்லிவிட்டால் வரியும் அடங்கிவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. அதில் சரக்கின் விலை, காப்பீடு, கடல்வழிக் கட்டணம் ஆகியவை மட்டுமே அடங்கும். சரக்கைத் தன் பட்டறையிலேயே ஒப்படைக்கும் எக்ஸ் ஒர்க்ஸ் நிபந்தனை விற்பவருக்குச் சுலபமானதுபோல் தோன்றினாலும், அதன்படி ஏற்றுமதிச் சுங்க வேலையும் வாங்குபவரைச் சேர்கிறது. ஏற்றுமதிக்கான சுங்க ஆவணமாகிய ஷிப்பிங் பில் உங்கள் ஐ.இ.சி. (இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு) எண்ணில் போக வேண்டியிருக்கும் நிலையில் அது பொருந்தி வராது, ஏற்றுமதிச் சுங்க வேலையை விற்பவரே முடித்துச் சரக்கை ஒப்படைக்கும் எஃப்.சி.ஏ. அதைவிட மேல். கூரியரில் வாசல்வரை அனுப்புபவர் டி.ஏ.பி. (வரி நீங்கலாகச் சேருமிடத்தில் ஒப்படைத்தல்) என்று எழுதி, போய்ச் சேரும் ஊரின் பெயரையும் ‘இன்கோடெர்ம்ஸ் 2020’ என்பதையும் உடன் சேர்ப்பது முறை. ஊர்ப் பெயர் இல்லாத நிபந்தனை பாதி நிபந்தனைதான்.

டி.ஏ.பி. என்று எழுதியதும் கடமை முடிந்துவிடுவதில்லை. தன் வீட்டுக்கு ஒரு தோல் பை வாங்கும் வாடிக்கையாளருக்கு அந்த மூன்றெழுத்து விளங்காது. ஆகவே பணம் வாங்குவதற்கு முன்பே, அந்நாட்டு இறக்குமதி வரியும் வாட் எனும் மதிப்புக் கூட்டு வரியும் சுங்கச் சேவைக் கட்டணமும் விலையில் சேரவில்லை, அவற்றைப் பெறுபவரே அங்கு செலுத்த வேண்டும் என்று விற்பனைக்கு முன் அனுப்பும் புரோஃபார்மா இன்வாய்ஸிலும் வாட்ஸ்அப் செய்தியிலும் வெளிப்படையாக எழுதி, அவருடைய ஒப்புதலைப் பெற்று வைக்க வேண்டும். உத்தேசத் தொகையையும் சொல்லிவிட்டால் பெட்டி திரும்பி வரும் வாய்ப்பு குறையும்.

அந்த உத்தேசத்தைப் போடுவது கடினமன்று. பிரிட்டனுக்கு 200 பவுண்டு விலையுள்ள சரக்கு போகிறது, அனுப்பும் கட்டணம் 40 பவுண்டு, சுங்க வரி 8 சதவீதம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அங்கு மதிப்பு அனுப்பும் செலவையும் சேர்த்தே கணக்கிடப்படுவதால் 240 பவுண்டுக்கு வரி 19.20 பவுண்டு. அவ்வரியையும் கூட்டி வரும் 259.20 பவுண்டின்மேல் 20 சதவீத வாட் 51.84 பவுண்டு. ஆக மொத்தம் 71.04 பவுண்டு, கூரியர் தன் கட்டணத்தை இதன்மேல் தனியே சேர்க்கும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் இதே முறைதான். அமெரிக்காவில் பன்னாட்டுப் போக்குவரத்துச் செலவைச் சுங்க மதிப்பில் சேர்ப்பதில்லை. அதனால் இன்வாய்ஸில் சரக்கின் விலையையும் அனுப்பும் கட்டணத்தையும் தனித்தனியாகக் காட்டுவது வாங்குபவருக்கு லாபம்.

‘எல்லா வரியும் நாங்களே கட்டிவிடுகிறோம்’ என்று சொன்னால் வியாபாரம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் டி.டி.பி.யைத் துணிந்து ஒப்புக்கொள்ளும் முன் ஒன்றை யோசிக்க வேண்டும். செலுத்தும் வாட் தொகையை, அந்நாட்டில் வாட் பதிவு பெற்ற வணிகரான வாங்குபவர் தாமே இறக்குமதி செய்திருந்தால் பெரும்பாலும் திரும்பப் பெற்றிருப்பார். அங்கு பதிவு இல்லாத நீங்கள் கட்டினால் அது அப்படியே கைவிட்டுப் போகும். வாங்குபவர் வற்புறுத்தினால், வாட் நீங்கலாக டி.டி.பி. என்று எழுத இடமுண்டு. வரி விகிதம் நடுவில் மாறினாலும் அந்தச் சுமை விற்பவருடையதே. 2025-இல் அமெரிக்க வரிகள் எத்தனை முறை மாறின என்பதை நினைத்துப் பார்த்தால், சிறு பட்டறைக்காரர் டி.டி.பி.யைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

நிபந்தனை எதுவாக இருந்தாலும் சட்டமே விற்பவர்மீது பொறுப்பைச் சுமத்தும் இடங்களும் உண்டு. பிரிட்டனில் 2021 சனவரி 1 முதல், 135 பவுண்டுக்கு மிகாத சரக்கைத் தனிநபருக்கு நேரடியாக விற்பவர் விற்பனையின்போதே வாட் வசூலித்து அங்கு செலுத்த வேண்டும். இணையச் சந்தை வழியாக விற்றால் அந்தச் சந்தையே அதைச் செய்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரையிலான வாட் விலக்கை 2021 சூலை 1-இல் நீக்கியது. அமெரிக்காவில் 800 டாலர் வரை வரியின்றிப் போன காலம் 2025 ஆகஸ்ட் 29-உடன் முடிந்தது. அதையொட்டி அமெரிக்காவுக்கான சேவையை நிறுத்தி வைத்திருந்த இந்திய அஞ்சல் துறை, அந்த ஆண்டு அக்டோபரில் மீண்டும் தொடங்கியபோது, வரியை இங்கேயே முன்கூட்டி வசூலிக்கும் முறைக்கு மாறியது. அங்கிருக்கும் மகளுக்குப் பட்டுப்புடவை அனுப்புபவரும் இதை மனத்தில் வைத்துத் தபால் செலவைக் கணக்கிட வேண்டும்.

வரி வாங்குபவருடையது என்றாலும், அதன் அளவைத் தீர்மானிக்கும் தாள்கள் நம் கையில்தான் பிறக்கின்றன. தோல் மேற்பாகம் உள்ள காலணி 6403, பையும் பர்ஸும் 4202, தோல் பெல்ட் 4203, பட்டுத்துணி 5007 என்ற எச்.எஸ். (பன்னாட்டுச் சரக்கு வகைப்பாடு) தலைப்புகளில் வரும், ‘தோல் பொருட்கள்’ என்று மொட்டையாக எழுதினால் அங்குள்ள அதிகாரி தமக்குத் தோன்றிய விகிதத்தில் வரி போட நேரலாம். 2022 மே 1 முதல் ஐக்கிய அரபு அமீரகத்துடனும், அதே ஆண்டு டிசம்பர் 29 முதல் ஆஸ்திரேலியாவுடனும் நடப்பில் உள்ள வர்த்தக ஒப்பந்தங்களின் சலுகை வாங்குபவருக்குக் கிடைக்க, சரக்கு இந்தியாவில் உருவானது என்பதற்கான பூர்வீகச் சான்றிதழை விற்பவர் இங்கிருந்து பெற்று அனுப்ப வேண்டும். விலையைக் குறைத்து எழுதும்படியோ, அன்பளிப்பு என்று குறிக்கும்படியோ வாங்குபவர் கேட்டால் மறுத்துவிடுங்கள். பொய்யான அறிவிப்பில் இருப்பது உங்கள் கையெழுத்து.

மாதிரிகளுக்கும் மதிப்பு எழுதியாக வேண்டும். இலவசமாக அனுப்பினாலும் மதிப்பைச் சுழியம் என்று காட்டக் கூடாது. காலணி மாதிரியில் துளையிட்டோ, அழியாத மையில் ‘மாதிரி’ என்று முத்திரையிட்டோ விற்க முடியாதபடி செய்து அனுப்பினால் அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளில் வரிவிலக்கு உண்டு. முதல் மாதிரியைப் பளபளவென்று அனுப்ப மனம் துடிக்கும். ஓட்டை போடுவதுதான் சிக்கனம்.

கடைசியாக, ஏர்வே பில்லில் வரியை யாரிடம் வசூலிப்பது என்ற கட்டத்தில் ‘பெறுநர்’ என்பதைக் குறித்திருக்கிறார்களா என்று கவுன்ட்டரிலேயே படித்துப் பாருங்கள். அவர் மறுத்துவிட்டால் சரக்கைத் திருப்பி வாங்குவதா, அங்கேயே கைவிடுவதா என்பதையும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். திரும்பக் கொண்டுவந்தால் வரும் கட்டணமும் உங்களுடையது. இந்தியாவுக்குள் நுழையும்போது, இங்கிருந்து போன அதே பொருள்தான் என்று ஷிப்பிங் பில்லைக் காட்டி நிரூபித்து, ஏற்றுமதிக்காகப் பெற்ற சலுகைகளைத் திருப்பிச் செலுத்தினால்தான் இங்குள்ள இறக்குமதி வரியிலிருந்து விலக்குக் கிடைக்கும். அதனால் ஷிப்பிங் பில், இன்வாய்ஸ், வாடிக்கையாளரின் ஒப்புதல் செய்தி ஆகியவற்றின் நகல்களைக் குறைந்தது மூன்று ஆண்டுகளாவது ஒரே கோப்பில் வைத்திருங்கள்.