பேக்கப் ரவுட்டரில் நெட் இழுத்தால் எங்கிருந்து தேடுவது?

மெயின் ரவுட்டர் படுத்துவிட்டால் அலமாரியில் கிடக்கும் பழையதை எடுத்து மாட்டுகிறோம். நெட் வந்துவிடும். ஆனால் வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கும், வீடியோ காலில் குரல் விட்டுவிட்டு வரும். "பழைய டப்பாதானே, அவ்வளவுதான் வரும்" என்று வீட்டில் சொல்வார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. பழையதற்கு ஓர் உச்ச வேகம் உண்டு, அது உண்மை. அந்த உச்சத்தின் பக்கத்தில்கூட அது போகவில்லை என்றால், பெரும்பாலும் உள்ளே பழைய காலத்து செட்டிங் ஏதோ அப்படியே இருக்கிறது, இல்லையென்றால் கூட எடுத்த கேபிளோ அடாப்டரோ சரியில்லை.

அதனால் முதலில் உங்கள் ரவுட்டரின் உச்சம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். என்னுடையது 802.11என் (ஒரு பழைய வைஃபை தரம்) வகை. இரண்டு ஆன்டெனா, 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும், போர்ட் எல்லாம் 100 எம்பிபிஎஸ். லைன் 200 என்றாலும் இதில் கேபிள் வழியாக 94, 95க்கு மேல் வராது. வைஃபையில் லிங்க், அதாவது ரவுட்டரும் சாதனமும் பேசிக்கொள்ளும் வேகம், 144 என்று காட்டும், கையில் கிடைப்பது அதில் பாதியை ஒட்டித்தான். ஆக, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து 60 வந்தால் நான் எதையும் தொட மாட்டேன். 8 வந்தால் விட மாட்டேன்.

அடுத்தது கேபிள் டெஸ்ட். லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிட்டு, பேக்கப் ரவுட்டரின் லேன் போர்ட்டில் நேராகக் கேபிள் போட்டு, மற்ற எல்லாச் சாதனங்களையும் நிறுத்திவிட்டு வேகம் பாருங்கள். கேபிளில் நன்றாக வருகிறது என்றால் கோளாறு வைஃபையில். கேபிளிலும் இழுக்கிறது என்றால் லைனிலோ, ரவுட்டர் செட்டிங்கிலோ, வயரிலோ. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் சேனலை (வைஃபை ஓடும் அலைவரிசைத் துண்டு) மாற்றுவது, டிஎன்எஸ் (தளப் பெயருக்கு முகவரி தேடித்தரும் சர்வர்) மாற்றுவது என்று இறங்கினால் நேரம்தான் போகும்.

கிகாபிட் போர்ட் உள்ள ரவுட்டரிலும் எண் 94லேயே நிற்கிறதா? அப்படியானால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். கிகாபிட் ஓட எட்டு வயரும் வேண்டும். ஒன்று அறுந்திருந்தாலும் பெரும்பாலும் தானாக 100க்கு இறங்கிவிடும். நெட் ஓடிக்கொண்டே இருப்பதால் யாருக்கும் தெரியாது. பிரவுசரில் ரவுட்டரின் லாகின் முகவரியைப் போட்டால் வரும் ஸ்டேட்டஸ் பக்கத்தில் அந்த போர்ட்டின் லிங்க் வேகம் இருக்கும், பாருங்கள்.

அடாப்டரையும் பார்த்துவிடுங்கள். வீட்டில் கிடக்கும் அடாப்டர்களின் முனை பல நேரம் ஒரே மாதிரி இருக்கும். 12 வோல்ட் கேட்கும் ரவுட்டரில் 9 வோல்ட் செருகினால், சிலது விளக்கெல்லாம் எரிந்துகொண்டே வைஃபையை மட்டும் திணறவிடும். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது.

வைஃபைதான் கோளாறு என்று தெரிந்துவிட்டதா? நான் முதலில் திறப்பது பாதுகாப்புப் பக்கத்தை. ஏனென்றால் பழைய ரவுட்டர்களில் இது அடிக்கடி கண்ணில் படாமல் போகிறது. அங்கே டபிள்யூபிஏ டிகேஐபி (பழைய வைஃபை பூட்டு முறை) என்று இருந்தால், 802.11என் தரத்தின் வேகம் கிடைக்காது. லிங்க் 54க்குள் அடங்கிவிடும், நிஜத்தில் 20 வந்தால் பெரிது. டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் என்று மாற்றி சேவ் செய்தால் போதும், அதே ரவுட்டர் வேறு மாதிரி ஓடும். பாதுகாப்புக்கும் அதுதான் நல்லது.

அப்புறம் சேனல். 2.4ல் ஒன்றின் மேல் ஒன்று ஏறாதவை 1, 6, 11 மட்டுமே. அக்கம்பக்கத்தில் எது குறைவோ அதைப் பிடியுங்கள். சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். நெரிசலான இடத்தில் 40 போட்டால் லாபத்தைவிட மோதல்தான் அதிகம். யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் பக்கத்தில் இருந்தால் தள்ளி வையுங்கள், அதன் இரைச்சல் 2.4லேயே விழுகிறது.

பேக்கப்புக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. மெயின் ரவுட்டர் முழுதாகச் சாகாமல், இன்டர்நெட் மட்டும் போய், வைஃபை ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் போன் மெயினையே கட்டிக்கொண்டு கிடக்கும், நீங்கள் பேக்கப்பைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். மெயினை அணைத்துவிடுங்கள்.

கேபிளிலும் இழுக்கிறதா? வேகத்துக்கு எல்லை போடும் கியூஓஎஸ் அல்லது பேண்ட்வித் கண்ட்ரோல் பக்கத்துக்குப் போங்கள். லைன் 20 எம்பிபிஎஸ்ஸாக இருந்த காலத்தில் யாராவது 18 என்று எல்லை போட்டிருப்பார்கள். லைன் வளர்ந்தது, எல்லை வளரவில்லை. இப்படிக் கிடப்பதை ஒவ்வொன்றாகத் தேடுவதைவிட, ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவதே என் வழக்கம். ஆனால் உங்கள் லைன் பிபிபிஓஇ (நெட் கம்பெனி தந்த யூசர்நேமில் நுழையும் முறை) என்றால், அதற்கு முன் அந்த யூசர்நேம், பாஸ்வேர்டு கையில் இருக்க வேண்டும். அந்த லைனில் எம்டியூ (ஒரு டேட்டா பொட்டலத்தின் உச்ச அளவு) 1492 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அது தவறினால் சில தளங்கள் மட்டும் திறக்காமல் படுத்தும்.

சிம் போட்ட 4ஜி ரவுட்டர்தான் பேக்கப் என்றால் கதை வேறு. அங்கே சிக்னல் கோடுகளை நம்பாதீர்கள். ஸ்டேட்டஸ் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி (சிக்னலின் பலம்), எஸ்ஐஎன்ஆர் (இரைச்சலோடு ஒப்பிட்டால் சிக்னல் எவ்வளவு சுத்தம்) என்று இரண்டு எண்கள் இருக்கும். ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 90க்குப் பக்கத்தில் என்றால் நல்லது, மைனஸ் 110க்குக் கீழே என்றால் பலவீனம். எஸ்ஐஎன்ஆர் 15க்கு மேல் இருந்தால் சந்தோஷம், பூஜ்ஜியத்துக்கு வந்துவிட்டால் எத்தனை கோடு இருந்தும் பயனில்லை. ரவுட்டரை ஒவ்வொரு ஜன்னலாக வைத்து எஸ்ஐஎன்ஆரை எழுதி வாருங்கள். ஹாலில் ஒரு எண், பின்னறை ஜன்னலில் இன்னொரு எண் என்று வியக்கும் அளவுக்கு வித்தியாசம் வரும். பகலில் பறந்து, அதே சிக்னலில் இரவில் மட்டும் இழுத்தால் டவரில் கூட்டம். பேண்ட் (4ஜி அலைவரிசை) தேர்வு இருந்தால் வேறு பேண்டைப் பூட்டிப் பார்க்கலாம், அதற்கு மேல் நம் கையில் இல்லை. டேட்டா வரம்பு தீர்ந்து வேகம் குறைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். மெயின் லைன் போனதும் தானாக சிம்முக்கு மாறும் அமைப்பு என்றால், மெயின் லைன் திரும்பிய பிறகும் ரவுட்டர் சிம்மிலேயே நின்றுவிடுவது உண்டு. எந்த வேன் (WAN, வெளியிலிருந்து நெட் வரும் வழி) ஓடுகிறது என்பதை ஸ்டேட்டஸ் பக்கம் சொல்லும்.

டவுன்லோடு நன்றாக இருந்தும் வீடியோ கால் மட்டும் உடைகிறதா? போன்கள் படங்களைக் கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். அதை நிறுத்துங்கள். முடியாவிட்டால், அளந்து பார்த்த அப்லோடு வேகத்தில் 85, 90 சதவீதத்தைக் கியூஓஎஸ்ஸில் எல்லையாகப் போடுங்கள். இந்த இடத்தில் மட்டும் எல்லை நமக்கு நண்பன்.

எல்லாம் சரியானதும் செட்டிங்கை ஃபைலாக எடுத்து வையுங்கள். லாகின் முகவரியை ரவுட்டரின் அடியில் ஒட்டுங்கள். சரியான அடாப்டரையும் நல்ல கேபிளையும் அதோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். ஃபர்ம்வேர் (ரவுட்டரின் உள் மென்பொருள்) அப்டேட் மிச்சம் இருந்தால், மெயின் லைன் நன்றாக ஓடும் ஒரு நாளில் பேக்கப்பை எடுத்து மாட்டி முடித்துவிடுங்கள். அன்றைக்கே ஒரு முறை கேபிளில் வேகம் பார்த்து, அந்த எண்ணையும் ஸ்டிக்கரில் எழுதிவிடுங்கள்.