லினக்ஸ் வட்டுப் படிமக் கருவியை ஃப்ரீபிஎஸ்டிக்குக் கொண்டுசெல்லும் முறை

சி மொழியில் லினக்ஸுக்காக எழுதப்பட்ட திறமூல வட்டுப் படிமக் கருவி (வட்டின் உள்ளடக்கத்தைக் கோப்பாக நகலெடுத்துப் பின்னர் மீட்கும் நிரல்) ஒன்றை யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டிக்குக் கொண்டுசெல்லும்போது, விடுபட்ட தலைப்புக் கோப்புகளையும் இல்லாத சார்புகளையும் நிரலைத் தொகுக்கும் கம்பைலரே சுட்டிக்காட்டிவிடும். அது சொல்லாதவற்றில்தான் கவனம் வேண்டும். பிழையின்றித் தொகுக்கப்பட்ட கருவி, மீட்கவே முடியாத படிமத்தை அமைதியாக எழுதிவைக்கக்கூடும்.

முதலில் மூலநிரலில் வட்டைத் தொடும் இடங்கள் அனைத்தையும் தேடி, திறத்தல், அளவறிதல், படித்தல், எழுதுதல், வட்டு ஏற்றப்பட்டுள்ளதா (மவுண்ட் செய்யப்பட்டுப் பயன்பாட்டில் உள்ளதா) எனச் சோதித்தல் ஆகிய செயற்கூறுகளாகத் தனிக் கோப்பில் ஒதுக்குங்கள். லினக்ஸுக்கு ஒன்று, ஃப்ரீபிஎஸ்டிக்கு ஒன்று என இரு கோப்புகள் இருப்பது, நிரல் முழுவதும் நிபந்தனை வரிகளைத் தூவுவதைவிட மேலானது. மூலத் திட்டத்தைப் பராமரிப்பவர்களும் அதை எளிதில் ஏற்பார்கள்.

ஃப்ரீபிஎஸ்டியில் வட்டுகள், கர்னல் பஃபர் (இயங்குதள மையம் வைத்திருக்கும் இடைநிலை நினைவகம்) வழியே அணுகப்படும் பிளாக் சாதனங்களாக அல்லாமல், நேரடியாக அணுகப்படும் கேரக்டர் சாதனங்களாகவே தோன்றும். எனவே, கொடுக்கப்பட்ட பாதை பிளாக் சாதனமா என்று கேட்கும் லினக்ஸ் நிரல், எந்த வட்டையும் ஏற்காது. இந்தச் சோதனையை மாற்றுவது ஒரு வரி வேலைதான். அதன் பின்விளைவோ பெரிது. இடையில் நின்று கேட்ட பைட்டுகளை மட்டும் எடுத்துத் தரும் கர்னல் பஃபர் இங்கே இல்லாததால், ஒவ்வொரு படிப்பும் செக்டர் (வட்டு ஒரே தடவையில் படிக்கும் மிகச்சிறிய அலகு) எல்லையில் தொடங்கி முழுச் செக்டர்களாகவே அமைய வேண்டும். இல்லையெனில் அழைப்பு பிழையோடு திரும்பும். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையின் சூப்பர்பிளாக் (அந்த முறைமையின் அடிப்படை விவரங்களைக் கொண்ட பகுதி), பகிர்வின் தொடக்கத்திலிருந்து 1024-ஆம் பைட்டில் தொடங்கி 1024 பைட்டுகள் நீள்வது. 512 பைட் செக்டர் கொண்ட வட்டில் அதை நேராகப் படித்துவிடலாம். 4096 பைட் செக்டர் கொண்ட வட்டில் அதே வரி தோற்கும். ஆகவே, கேட்ட பகுதியைச் சூழ்ந்துள்ள முழுச் செக்டர்களைப் படித்து, வேண்டிய துண்டை மட்டும் நகலெடுத்துத் தரும் ஒரே செயற்கூறை எழுதி, எல்லாப் படிப்புகளையும் அதன் வழியே அனுப்புங்கள். செக்டர் அளவையும் மொத்த அளவையும் ஃப்ரீபிஎஸ்டிக்குரிய ஐஆக்டல் (ioctl) அழைப்புகள், அதாவது சாதனத்திடம் விவரம் கேட்கும் கர்னல் அழைப்புகள், தரும். 512 என்ற எண்ணை நிரலில் எங்கும் நேரடியாக எழுதாதீர்கள்.

செக்டர் எண்ணை 32 பிட் மாறியில் வைத்திருந்தால், 512 பைட் செக்டர் வட்டில் 2 டெபிபைட்டை (ஒரு டெபிபைட் என்பது 1024 கிபிபைட்டின் மும்மடி அடுக்கில் 1024 கிகிபைட்) தாண்டியதும் எண் சுழன்று தொடக்கத்துக்கு வந்துவிடும். 64 பிட்டாக மாற்றுங்கள்.

ஏற்றப்பட்டுள்ள வட்டின் மீது எழுத முயன்றால் ஃப்ரீபிஎஸ்டியில் வட்டுகளை நிர்வகிக்கும் ஜியோம் (GEOM) அடுக்கு அனுமதி மறுக்கும். ஜியோமின் பிழைத்திருத்தக் கொடியை (kern.geom.debugflags) 16 என மாற்றி இந்தக் காவலைத் தளர்த்தலாம் என்றாலும், கருவி தானாக அதைச் செய்வதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். பயனர் தம் தரவை இழப்பதைவிட, வட்டை இறக்கும்படி சொல்லிக் கருவி நின்றுவிடுவதே முறை.

சோதனைக்கு உண்மையான வட்டு தேவையில்லை. எம்டிகான்ஃபிக் (mdconfig) கட்டளையால் 4096 பைட் செக்டர் கொண்ட நினைவக வட்டு ஒன்றையும், 3 டெபிபைட் அளவுள்ள வெற்றிடக் கோப்பின் (எழுதாத பகுதிகளுக்கு இடம் எடுக்காத கோப்பு) மீது மற்றொன்றையும் உருவாக்குங்கள். லினக்ஸில் எடுத்த படிமத்தை ஃப்ரீபிஎஸ்டியிலும், ஃப்ரீபிஎஸ்டியில் எடுத்ததை லினக்ஸிலும் மீட்டு, மூல வட்டு, மீட்ட வட்டு இரண்டின் ஷா-256 மதிப்புகளையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்) ஒப்பிடுங்கள். கருவி பயன்பாட்டில் உள்ள பகுதிகளை மட்டுமே சேமிப்பதாயின், முழு வட்டின் மதிப்புகள் பொருந்த வேண்டியதில்லை. அப்போது உள்ளே இருக்கும் கோப்புகளின் மதிப்புகளை ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும்.