நடுத்தர நகரத்தில் ஐ.டி. வேலை: எங்கே இருக்கிறது, எப்படித் தேடுவது?

பெருநகரத்தில் வேலை தேடுபவர், ஐ.டி. நிறுவனங்களின் பெயர்களை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பித்துக்கொண்டே போகலாம். ஐந்து லட்சம், பத்து லட்சம் பேர் வாழும் ஒரு நடுத்தர நகரத்தில் அதே பட்டியலைத் தயாரித்தால் அது ஒரு பக்கத்தைத் தாண்டுவது அரிது. அதிலும் பாதி, மூன்று நான்கு பேர் சேர்ந்து இணையதளம் வடிவமைத்துத் தரும் சிறு அலுவலகங்களாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு இந்த ஊரில் வேலையே இல்லை என்று முடிவு கட்டி மூட்டை கட்டியவர்கள் பலர். வேலை அங்கே இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது ஐ.டி. என்ற பெயர்ப்பலகை மாட்டிய கட்டடத்தில் இருப்பதில்லை. மருத்துவமனையின் கீழ்த்தளத்திலும், கல்லூரியின் நிர்வாகப் பிரிவிலும், குடிநீர் வாரியத்திலும், தொழிற்சாலையின் கணக்கு அறைக்கு அடுத்த சிறிய சர்வர் அறையிலும் அது இருக்கிறது.

ஆகவே தேடலின் முதல் வாரத்தை விண்ணப்பம் அனுப்புவதில் செலவழிக்க வேண்டாம். ஊரில் நூறு கணினிகளுக்கு மேல் வைத்திருக்கக்கூடிய அமைப்புகள் எவை என்று கணக்கெடுத்து, ஒவ்வொன்றின் அருகிலும் 'இங்கே எது நின்றால் எல்லாம் நின்றுபோகும்?' என்ற கேள்விக்கான விடையை எழுதுங்கள். மருத்துவமனையில் ஸ்கேன் படங்கள் டைகாம் என்ற வடிவத்தில் சேமிக்கப்படுகின்றன. ஆய்வகத்தின் முடிவுகள் ஹெச்.எல்.7 என்ற தகவல் பரிமாற்ற முறையில் மருத்துவரின் திரைக்கு வந்து சேர்கின்றன. தொழிற்சாலையில் இயந்திரங்களை இயக்கிக் கட்டுப்படுத்தும் பி.எல்.சி. கருவிகள் 1979-இல் உருவான மோட்பஸ் என்ற தகவல் பரிமாற்ற நெறிமுறையில் இன்றும் பேசிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கருவிகளை அலுவலக நெட்வொர்க்கிலிருந்து பிரித்துப் பாதுகாக்கத் தெரிந்தவர் கிடைப்பது கடினம். சேமிப்புக் கிடங்கில் பார்கோடு ஸ்கேனரும், அது நம்பியிருக்கும் வைஃபையும், பின்னால் சரக்கையும் கணக்கையும் ஒன்றாக நிர்வகிக்கும் ஈ.ஆர்.பி. மென்பொருளும்தான் உயிர்நாடி. இந்தச் சொற்களை விண்ணப்பிப்பதற்கு முன்பே தெரிந்து வைத்திருப்பவருக்கும், 'எந்த வேலையானாலும் செய்வேன்' என்று போய் நிற்பவருக்கும் உள்ள வேறுபாட்டை எதிரே இருப்பவர் இரண்டு நிமிடத்தில் கண்டுகொள்வார்.

இவற்றோடு இன்னொரு வகையையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். தனக்கென ஐ.டி. ஊழியரை வைத்துக்கொள்ள வசதியில்லாத இருபது, முப்பது சிறு அலுவலகங்களின் கணினிகளை ஒப்பந்த அடிப்படையில் பராமரிக்கும் நிறுவனங்கள் ஏறக்குறைய எல்லா நடுத்தர நகரங்களிலும் உண்டு. சம்பளம் குறைவாகவும் அலைச்சல் அதிகமாகவும் இருக்கும் என்பதால் பலர் இவற்றை ஒதுக்குகிறார்கள். புதியவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை என்பது என் எண்ணம்: ஒரே ஆண்டில் பல வகையான நெட்வொர்க்குகளைக் கையால் தொட்டுப் பழக முடிகிறது, அதோடு, நாளை உங்களை வேலைக்கு எடுக்கக்கூடியவர்கள் அத்தனை பேருக்கும் உங்கள் முகம் தெரிந்துவிடுகிறது.

ஒரு நிறுவனம் உள்ளே என்ன பயன்படுத்துகிறது என்பதை வெளியிலிருந்தே ஓரளவு அறியலாம். அதன் பழைய வேலை அறிவிப்புகள் ஒரு வழி. அரசு, பொதுத்துறை அமைப்புகள் வெளியிடும் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகள் அதைவிட நல்ல வழி; ஏனோ வேலை தேடுபவர்கள் இவற்றை எட்டிப் பார்ப்பதே இல்லை. உதாரணமாக, ஒரு கல்லூரி '48 போர்ட் ஸ்விட்ச் பன்னிரண்டு, மூன்றாண்டுப் பராமரிப்புடன் ஃபயர்வால் ஒன்று' (ஸ்விட்ச் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கருவி, ஃபயர்வால் வெளியிலிருந்து வரும் தாக்குதலைத் தடுப்பது) என்று ஒப்பந்தப்புள்ளி கோரினால், அங்கே நெட்வொர்க் முழுவதும் மாற்றப்படப் போகிறது என்றும், அதைப் பொருத்திக் கொடுக்க ஒப்பந்தம் பெற்ற நிறுவனத்துக்குச் சில மாதங்களுக்காவது கூடுதல் ஆட்கள் தேவைப்படலாம் என்றும் ஊகிக்கலாம். முடிவு அறிவிக்கப்பட்ட வாரத்திலேயே அந்த நிறுவனத்தை அணுகுங்கள்.

தகுதியைப் பொறுத்தவரை, நடுத்தர நகரம் ஆழத்தைவிட அகலத்தையே அதிகம் கேட்கிறது. இரண்டு பேர் மட்டுமே உள்ள ஐ.டி. பிரிவில், காலையில் பிரிண்டரைச் சரிசெய்பவரே மாலையில் சர்வரின் பேக்கப்பைச் சரிபார்க்க வேண்டியிருக்கும். கணினிப் பராமரிப்பின் அடிப்படைகளுக்கான காம்ப்டியா ஏ பிளஸ் சான்றிதழுக்கு இரண்டு தேர்வுகள் எழுத வேண்டும், நெட்வொர்க்குக்கான சிஸ்கோவின் சி.சி.என்.ஏ.வுக்கு ஒரே தேர்வு, ஆனால் அது எளிதல்ல. இரண்டில் ஒன்று கையில் இருந்தால் முதல் வடிகட்டலைத் தாண்ட உதவும். அதற்கு மேல் சான்றிதழ்களை அடுக்குவதைவிட, ஒரு பழைய கணினியில் மெய்நிகர் இயந்திரங்களை (ஒரே கணினிக்குள் தனித்தனிக் கணினிகள்போல் இயங்குபவை) நிறுவி, அலுவலகத்தின் பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி ஒன்றை அமைத்து, அதை வேண்டுமென்றே கெடுத்து, பேக்கப்பிலிருந்து மீட்டெடுத்துப் பார்ப்பது மேல். பேக்கப் எடுத்தவர்கள் எங்கும் உண்டு. மீட்டுப் பார்த்தவர்கள் குறைவு.

நடப்பு நிலவரத்தையும் தெரிந்து வைத்திருங்கள். விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கோ டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி கணினியிலேயே இருக்க வேண்டும், பழைய கணினிகள் பலவற்றில் அது கிடையாது. எத்தனை கணினிகளை அப்படியே மேம்படுத்தலாம், எத்தனையை மாற்றியே ஆக வேண்டும், மாற்றும் வரை எவற்றை இணையத்திலிருந்து துண்டித்து வைக்கலாம் என்று கணக்கெடுக்கும் முறையை விளக்கத் தெரிந்தவரை, அந்தத் தலைவலியில் இருக்கும் எந்த நிர்வாகியும் உட்கார வைத்துப் பேசுவார்.

தன்விவரக் குறிப்பில் இந்த நகரத்துக்கென்று தனி இலக்கணம் ஏதும் இல்லை. ஆனால் அதைப் படிப்பவர் தலைமைக் கணக்காளராகவோ நிர்வாக அலுவலராகவோ இருக்கக்கூடும் என்பதை நினைவில் வைத்து எழுதுங்கள். 'நெட்வொர்க் பராமரிப்பில் அனுபவம் உண்டு' என்ற வரி யாருக்கும் எதையும் சொல்லாது. 'அறுபது கணினிகள் கொண்ட அலுவலகத்தில் விருந்தினர் வைஃபையையும் கணக்குப் பிரிவையும் தனித்தனி வீலேன்களாக, அதாவது ஒன்றையொன்று தொடாத நெட்வொர்க் பகுதிகளாகப் பிரித்தேன். அதன்பின் வெளியாட்களின் கருவிகள் கணக்குக் கணினிகளைத் தொட முடியாமல் போயிற்று' என்று எழுதினால் தொழில்நுட்பம் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஒருசேரப் புரியும்.

இனி, ஆட்களைப் பற்றி. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், பாஸ்டன் புறநகர் ஒன்றில் தெரிந்தவர்கள் மூலம் வேலை பெற்றவர்களிடம் நடத்திய ஆய்வின் முடிவை 1973-இல் வெளியிட்டார். வேலைக்கு வழிகாட்டியவரை அடிக்கடி சந்திப்பதாகச் சொன்னவர்கள் 16.7 சதவீதமே, எப்போதாவது சந்திப்பதாகச் சொன்னவர்கள் 55.6 சதவீதம், அரிதாகவே சந்திப்பதாகச் சொன்னவர்கள் 27.8 சதவீதம். நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். சற்றுத் தள்ளி இருப்பவரே புதிய செய்தியைக் கொண்டு வருகிறார் என்பது அதற்கு அவர் தந்த விளக்கம். லிங்க்ட்இன் தளத்தின் இரண்டு கோடிப் பயனர்களை வைத்து நடந்து, 2022-இல் வெளியான ஆய்வும் ஏறத்தாழ இதே திசையைத்தான் காட்டியது. நடுத்தர நகரத்தில் அந்தச் 'சற்றுத் தள்ளி இருப்பவர்' யார்? பல அலுவலகங்களுக்குக் கணினி விற்கும் வியாபாரி, யு.பி.எஸ். பழுதுபார்க்க வருபவர், இணைய இணைப்புக்குக் கேபிள் இழுப்பவர், கணக்கு மென்பொருளை நிறுவித் தரும் ஆலோசகர். எந்த அலுவலகத்தில் யார் ராஜினாமாக் கடிதம் கொடுத்திருக்கிறார் என்பது வேலைவாய்ப்புத் தளங்களுக்குத் தெரியும் முன்பே இவர்களுக்குத் தெரிந்துவிடும். இவர்களிடம் வேலை வாங்கித் தரும்படி கேட்காதீர்கள். ஊரில் எந்த இடத்தில் என்ன வேலை நடக்கிறது என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு அவர்கள் நழுவுவார்கள், இரண்டாவதற்கு அரை மணி நேரம் பேசுவார்கள்.

செய்தி கிடைத்தவுடன் ஐ.டி. பொறுப்பாளருக்கு நேரடியாக ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்பலாம். 'வணக்கம். உங்கள் மருத்துவமனையின் புதிய கட்டடத்துக்கு நெட்வொர்க் விரிவுபடுத்தப்படுவதாக அறிந்தேன். வீலேன் பிரிப்பதிலும் வைஃபை அமைப்பதிலும் எனக்குப் பழக்கம் உண்டு. நான் செய்த வேலையை ஒரே பக்கத்தில் இணைத்துள்ளேன். இப்போது காலியிடம் இல்லாவிட்டாலும், உங்களுக்கு வசதியான ஒரு நாளில் பதினைந்து நிமிடம் பேச வாய்ப்புத் தந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.' இவ்வளவு போதும். பதில் வரவில்லையென்றால் பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். மூன்றாவது முறை எழுதினால் தொந்தரவு.

நேர்காணலில் அல்காரிதக் கேள்விகளைவிட இந்த மாதிரிக் கேள்விகளை எதிர்பாருங்கள்: 'திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. பில் போடும் இடத்தில் பிரிண்டர் வேலை செய்யவில்லை, வரிசை நீள்கிறது. அதே நேரத்தில் மேலாளர் மின்னஞ்சல் வரவில்லை என்று அழைக்கிறார். என்ன செய்வீர்கள்?' நேராகப் பிரிண்டரின் மீது பாய்பவர் தோற்கிறார். ஒரு கவுன்ட்டரில் மட்டுமா, எல்லாவற்றிலுமா என்று முதலில் கேட்க வேண்டும். ஒன்றில் மட்டுமென்றால் வரிசையைப் பக்கத்துக் கவுன்ட்டருக்குத் திருப்பச் சொல்லிவிட்டு, கேபிளையும், அச்சு வேலைகளை வரிசைப்படுத்தும் பிரிண்ட் ஸ்பூலர் சேவையையும் பார்க்கலாம். எல்லாவற்றிலும் என்றால், மின்னஞ்சல் புகாரும் அதுவும் ஒரே காரணத்திலிருந்து வருகிறதா என்று ஸ்விட்சிலிருந்தோ சர்வரிலிருந்தோ தொடங்க வேண்டும். இதற்கிடையில், எத்தனை மணிக்குள் சரியாகும் என்று மேலாளருக்கு ஒரு வரி சொல்ல வேண்டும். நீங்களும் திருப்பிக் கேளுங்கள்: இந்த இடத்தில் முன்பு இருந்தவர் ஏன் போனார்? பேக்கப்பிலிருந்து கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள்? இரண்டாவது கேள்விக்கு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள் என்றால், சேர்ந்தபின் முதல் ஆறு மாதம் எப்படி இருக்கும் என்பது விளங்கிவிடும்.

ஊரில் இருந்தபடியே பெருநகர நிறுவனத்துக்கு வேலை செய்யும் வழியும் உண்டு. 2020-க்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. ஆனால் அந்த இடத்துக்கு நாடு முழுவதிலுமிருந்து போட்டி வரும் என்பதையும், வாரத்துக்கு இத்தனை நாள் நேரில் வர வேண்டும் என்று பின்னால் சொல்லக்கூடும் என்பதையும் கணக்கில் கொண்டு, நிபந்தனையை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

சம்பளப் பேச்சில் நடுத்தர நகரத்துக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. உழைப்பை வாங்குபவர்கள் சிலர் மட்டுமே இருக்கும் சந்தையில் கூலி அமுங்கும் என்பதைப் பொருளியலாளர் ஜோன் ராபின்சன் 1933-இலேயே விளக்கியிருக்கிறார். போட்டியிட வேறு முதலாளி இல்லாத இடத்தில் பேரம் பேச இடம் குறைவு. எனவே சம்பளத் தொகை அசையாவிட்டால் மற்றவற்றைக் கேளுங்கள்: இரவு அழைப்புக்குத் தனிப்படி, சான்றிதழ்த் தேர்வுக் கட்டணம், ஆறு மாதத்தில் மறுபரிசீலனை. ஒப்பந்தத்தைக் கையெழுத்திடும் முன், வேலையை விட்டபின் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்ற விதி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். சில நாடுகளில் அது சட்டப்படி செல்லாது, சிலவற்றில் செல்லும். 'ஐம்பது கிலோமீட்டர் சுற்றளவில் ஓராண்டு' என்ற வரி பெருநகரத்தில் ஒரு தொந்தரவு. நடுத்தர நகரத்திலோ அது ஊரையே மூடிவிடும். நிறுவனத்தின் வாடிக்கையாளர்களை இழுத்துக்கொண்டு போக மாட்டேன் என்ற அளவுக்கு அதைச் சுருக்கித் தரும்படி கேட்டு, திருத்திய பிரதி கைக்கு வந்தபின் கையெழுத்திடுங்கள்.