லினோவில் உளி வைக்கும் முன் வெள்ளையைப் பிரதி எடுங்கள்

பிற ஓவியர்களின் அச்சுப் படங்களைப் படிக்கும் மாணவர்கள் கருப்புக் கோடுகளைப் பார்த்து வரையாதீர்கள். படத்தின் மேல் டிரேசிங் பேப்பரை வைத்து, வெள்ளையாக உள்ள இடங்களை மட்டும் பென்சிலால் நிரப்புங்கள். உள்ளங்கை அளவு பகுதி போதும்.

லினோகட் என்பது லினோலியம் ஷீட்டைச் செதுக்கி, செதுக்காத மேட்டில் மை தடவி எடுக்கும் அச்சு. அதில் உளி தொட்ட இடம்தான் வெள்ளை. அதனால் உங்கள் தாளில் விழுவது அந்தக் கலைஞரின் கை போன தடம். எதை வெட்டினார், எதை விட்டார் என்று தெரிந்துவிடும். மதுரைக்காரர்களுக்கு இது புதிதல்ல, சுங்குடிச் சேலையில் முடிச்சுப் போட்ட இடம் சாயம் ஏறாமல் புள்ளியாக நிற்பதும் இதே கணக்குதான். 1930-இல் தண்டி யாத்திரையை ஒட்டி வங்காள ஓவியர் நந்தலால் போஸ் செய்த காந்தி லினோகட்டில் தொடங்கலாம். கருப்புப் பரப்பில் சில வெள்ளைக் கோடுகள்தான், ஆனால் அந்த நடையின் வேகம் முழுவதும் அதில் இருக்கிறது!

அப்புறம், திருமலை நாயக்கர் மகால் தூணையோ புதுமண்டபச் சிற்பத்தையோ வரையும்போது கருப்புத் தாளில் வெள்ளை சாக்பீஸால் வரைந்து பாருங்கள். எங்கே வெட்ட வேண்டும் என்பது தாளிலேயே முடிவாகிவிடும். ஒரு லினோ ஷீட்டாவது மிச்சம். கலைஞரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டீர்கள், எதை வேண்டாம் என்று விட்டீர்கள் என்று பக்கத்திலேயே ஒரு வரி எழுதிவையுங்கள். என்னைக் கேட்டால், விட்டதை எழுதுவதுதான் முக்கியம்.

மரச்செதுக்கு அச்சுக்கும் இது சரிவரும். உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து எடுக்கும் எச்சிங்குக்கு ஆகாது, அங்கே மை பள்ளத்தில் தங்குவதால் கணக்கு தலைகீழ். பல வண்ண அச்சுக்கும் இது மட்டும் போதாது, ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தாள் வேண்டும்.