ஃபர்ஸ்ட் எய்டு பாக்ஸ்: கடையில கட்டிக் குடுக்குறத வாங்காம உங்க வீட்டுக்கு ஏத்த மாதிரி நீங்களே சேக்குறது எப்படி

ஆன்லைன்ல ஃபர்ஸ்ட் எய்டு கிட்னு தேடுனா சிவப்பு பையில ப்ளஸ் சின்னம் போட்டு வரிசையா வரும், உள்ள இத்தன ஐட்டம் இருக்குன்னு பெருசா எழுதியிருப்பாங்க. பல பைகள பிரிச்சு பாத்தா பாதிக்கு மேல சின்ன சின்ன பிளாஸ்திரி, மிச்சம் பட்ஸ், சேஃப்டி பின், துணிய கூட வெட்டாத ஒரு கத்தரி. ரத்தம் வழியுற காயத்துல வச்சு அழுத்துறதுக்கு தேவையான அளவு காஸ் துணி இருக்காது. அதனால பெட்டிய அப்பறம் பாத்துக்கலாம், மொதல்ல வீட்ட பாருங்க.

ஒரு பேப்பர எடுத்துட்டு உக்காருங்க. வீட்டுல யார் யார் இருக்காங்க, யாருக்கு சுகர், யாருக்கு வீசிங், யார் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாங்க, குழந்தைக்கு என்ன எடை, இதெல்லாம் எழுதுங்க. அப்பறம் போன வருஷம் வீட்டுல என்னென்ன அடி பட்டுச்சுன்னு யோசிங்க. குக்கர் ஆவி, அருவாமனை, பாத்ரூம்ல வழுக்குனது, பைக் சைலன்சர்ல கால் சுட்டது, தெரு நாய். பெரும்பாலும் இந்த அஞ்சாறுக்குள்ளதான் வரும், உங்க பாக்ஸ் இதுக்குத்தான்.

ரத்தம் வர்ற காயத்துல ஆரம்பிக்கிறேன். பாக்கெட்டுல வர்ற ஸ்டெரைல் காஸ் நிறையவே வாங்குங்க, நாலு இஞ்ச் ரோலர் பேண்டேஜ், மைக்ரோபோர் டேப் (தோல்ல ஒட்டுற காகித டேப்), ரெண்டு மூணு ஜோடி கையுறை, நல்லா வெட்டுற கத்தரி, முள் எடுக்க இடுக்கி, இது போதும். பஞ்ச நேரா காயத்து மேல வைக்காதீங்க, அதோட நார் புண்ணுல ஒட்டிக்கும், மறுநாள் பிரிக்கும்போது காய்ஞ்ச ரத்தத்தோட சேந்து உரிஞ்சு வரும், குழந்தை வீட்டையே ரெண்டாக்கிடும். காஸ மடிச்சு காயத்து மேல வச்சு உள்ளங்கையால பத்து நிமிஷம் விடாம அழுத்துங்க, நடுவுல நின்னுடுச்சான்னு தூக்கி பாக்கவே கூடாது, பாத்தா அப்பதான் உறைய ஆரம்பிச்ச ரத்தம் கலைஞ்சிடும். காஸ் நனைஞ்சிட்டா அத எடுக்காம அதுக்கு மேலயே இன்னொன்ன வச்சு இன்னும் பலமா அழுத்துங்க. பத்து நிமிஷம் அழுத்தியும் நிக்கல, இல்ல ரத்தம் பீச்சி அடிக்குதுன்னா யோசிக்காம ஆஸ்பத்திரி.

சின்ன காயம்னா குழாத் தண்ணியில கழுவுனா போதும், கழுவுறதுக்கு வைக்கணும்னா மெடிக்கல்ல நூறு மில்லி நார்மல் சலைன் (சுத்தமான உப்புத் தண்ணி) பாட்டில் கிடைக்கும். டெட்டால கலக்காம அப்படியே ஊத்துறது பல வீட்டுல பழக்கமா இருக்கு, அது புண்ண இன்னும் எரிச்சு ஆற விடாம பண்ணும், விட்டுடுங்க. ஒரு பீட்டாடின் ஆயின்மெண்ட் ட்யூப் போதும்.

தீக்காயத்துக்கு பாக்ஸ்ல இருக்குறத விட சமையக்கட்டு குழாய்தான் பெரிய மருந்து. சுட்ட உடனே குழாத் தண்ணிக்கு கீழ 20 நிமிஷம் காட்டணும், 20 நிமிஷம்னா கடிகாரத்த பாத்து 20 நிமிஷம், எரிச்சல் கொறஞ்சிடுச்சுன்னு ரெண்டு நிமிஷத்துல எடுக்கக்கூடாது. மோதிரம் வளையல் இருந்தா வீங்குறதுக்கு முன்னாடியே கழட்டிடுங்க. பேஸ்ட், இங்க், இட்லி மாவு, மஞ்சள், ஐஸ் எதுவும் வேணாம், எத்தன பாட்டி சொன்னாலும் வேணாம், மேல அப்புனத ஆஸ்பத்திரியில சுரண்டி எடுக்கும்போது படுற வலிய பாத்தவங்களுக்கு தெரியும். ஆறவச்ச பிறகு மூடுறதுக்கு சாப்பாடு சுத்துற மெல்லிசான பிளாஸ்டிக் ஃபிலிம் ரொம்ப நல்லது, புண்ணுல ஒட்டாது, சுத்தமா இருக்கும், ஒரு சின்ன ரோல பாக்ஸ்ல போட்டு வைங்க. கொப்பளத்த உடைக்காதீங்க. முகம், கை, பிறப்புறுப்பு, மூட்டு இங்கெல்லாம் சுட்டிருந்தா சின்னதா தெரிஞ்சாலும் டாக்டர்கிட்ட காட்டணும்.

இப்ப மாத்திரை பக்கம். இங்கதான் ரொம்ப கவனமா இருக்கணும், நிறைய சேக்குறத விட கொஞ்சமா சரியா சேக்குறதுதான் முக்கியம். காய்ச்சல் வலிக்கு பாராசிட்டமால், அலர்ஜிக்கு செட்ரிசின், வயித்துப்போக்குக்கு ஓஆர்எஸ் (உப்பு சர்க்கரை கரைசல் பொடி), அவ்வளவுதான் பொதுவா எல்லா வீட்டுக்கும். போன தடவ மிச்சம் வச்ச ஆன்டிபயாடிக் ஒண்ணு கூட பாக்ஸ்ல இருக்கக்கூடாது.

குழந்தை இருக்குற வீட்டுல பாராசிட்டமால் பாட்டில கையில எடுத்து லேபிள படிங்க, இப்பவே படிங்க. ஒரே மருந்து மூணு விதமா வருது, 5 மில்லியில 120 மில்லிகிராம், 5 மில்லியில 250 மில்லிகிராம், அப்பறம் கைக்குழந்தைக்கான ட்ராப்ஸ் ஒரே ஒரு மில்லியிலயே 100 மில்லிகிராம். வழக்கமா ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கு, அப்ப பத்து கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம், அது 120 சிரப்புல கிட்டத்தட்ட 6 மில்லி, 250 சிரப்புல 3 மில்லி, ட்ராப்ஸ்ல ஒன்றரை மில்லிதான். ராத்திரி ரெண்டு மணிக்கு தூக்கக் கலக்கத்துல சிரப்புன்னு நெனச்சு ட்ராப்ஸ 6 மில்லி ஊத்திட்டா நாலு மடங்கு உள்ள போயிடும், ஈரலுக்கு ஆபத்து. அதனால வீட்டுல ஒரே ஒரு வகைதான் வைக்கணும், உங்க டாக்டர் சொன்ன அளவ மார்க்கர்ல பாட்டில் மேலயே எழுதணும், குழந்தை எடை கூடும்போது அடிச்சு மாத்தி எழுதணும். ஸ்பூன் வேணாம், ஊசி இல்லாத சிரிஞ்சுல அளந்து குடுங்க.

ஓஆர்எஸ் வாங்கும்போது பாக்கெட்டுல டபிள்யூஹெச்ஓ (உலக சுகாதார அமைப்பு) ஃபார்முலான்னு போட்டிருக்கான்னு பாருங்க. ஓஆர்எஸ்னு பேர் போட்டு பழ ருசியில டப்பாவுல வந்த சில ஜூஸ்ல சர்க்கரை ஏகத்துக்கும் இருந்துச்சு, வயித்துப்போக்கு நேரத்துல அது நிலமைய இன்னும் மோசமாக்கும், 2025 அக்டோபர்ல எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவு பாதுகாப்பு ஆணையம்) அந்த மாதிரி பானங்கள்ல ஓஆர்எஸ்ங்கிற பேரையே போடக்கூடாதுன்னு உத்தரவு போட்டாங்க. பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு, இத மாத்தி கலக்காதீங்க. கலந்தத 24 மணி நேரத்துக்கு மேல வைக்கக்கூடாது.

பெரியவங்க இருக்குற வீட்டுக்கு ஆஸ்பிரின் பத்தி உங்க டாக்டர்கிட்ட இப்பவே பேசி வைங்க. மாரடைப்பு மாதிரி நெஞ்சு வலி வந்தா மொதல்ல 108, அப்பறம் 300 மில்லிகிராம் ஆஸ்பிரின மென்னு முழுங்கணும், அலர்ஜியோ வயித்துல ரத்தக்கசிவோ இருக்குறவங்களுக்கு கூடாது. வாய் கோணுது, ஒரு பக்கம் கை தூக்க முடியல, பேச்சு குழறுதுன்னா அது பக்கவாதம், அதுக்கு குடுக்கவே கூடாது. காய்ச்சலுக்கும் ஆஸ்பிரின், ப்ரூஃபன் எல்லாம் தொடாதீங்க, டெங்குவா இருந்தா ரத்தக்கசிவுல கொண்டு போய் விட்டுடும். அதனால ஆஸ்பிரின தனி கவர்ல போட்டு "நெஞ்சு வலிக்கு மட்டும்"னு தமிழ்ல எழுதி வைங்க.

சுகர் இருக்குறவங்களுக்கு குளுக்கோமீட்டர், ஸ்ட்ரிப், குளுக்கோஸ் பவுடர். வேர்த்து கை நடுங்குதுன்னா மூணு ஸ்பூன் குளுக்கோஸோ சர்க்கரையோ தண்ணியில கரைச்சு குடுத்துட்டு 15 நிமிஷம் கழிச்சு திரும்ப பாருங்க. மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும், ஒரு பக்கமா சாய்ச்சு படுக்கவச்சு 108 கூப்பிடுங்க. வலிப்பு வந்தாலும் இப்படித்தான், ஒருக்களிச்சு படுக்க வைக்கணும், கையில சாவியோ இரும்போ திணிக்க வேணாம். வீசிங்குக்கு இன்ஹேலர், கூடவே ஸ்பேசர் (மருந்து நுரையீரலுக்கு ஒழுங்கா போக இன்ஹேலர்ல மாட்டுற குழாய்).

நாய் கடிக்கு ஒரு சோப்புக்கட்டிய பாக்ஸ்லயே போட்டு வைங்கன்னு சொல்லுவேன், நல்லா ஞாபகம் இருக்கட்டுமேன்னுதான். ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு அன்னைக்கே ஊசிக்கு போகணும், பிராண்டுனது மாதிரி இருந்தாலும், வீட்டு நாயா இருந்தாலும், குட்டியா இருந்தாலும். ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) அறிகுறி வந்துட்டா கிட்டத்தட்ட யாரும் பொழைக்கிறதில்ல, அரசு ஆஸ்பத்திரியில ஊசி இலவசம். தோட்டம், வயல் பக்கம் வீடுன்னா பாம்பு கடிக்குன்னு விக்கிற உறிஞ்சுற பம்ப வாங்காதீங்க. இறுக்கி கட்டுறது, கீறி விடுறது ரெண்டும் கூடாது. கடிபட்ட காலையோ கையையோ ஆட விடாம வச்சு, நடக்க விடாம தூக்கிட்டு, விஷமுறிவு மருந்து இருக்குற அரசு ஆஸ்பத்திரிக்கு நேரா போங்க.

சுளுக்குக்கு க்ரேப் பேண்டேஜ் ஒண்ணு. முக்கோண பேண்டேஜ்னு தனியா விக்கிறாங்க, பழைய பருத்தி வேட்டிய தொவச்சு வெட்டி வச்சாலே கை தொங்கல் கட்ட அருமையா இருக்கும். டிஜிட்டல் தெர்மாமீட்டர், டார்ச்.

பெட்டி எதா இருந்தாலும் சரி, உள்ள இருக்குறது வெளிய தெரியுற மாதிரி பிளாஸ்டிக் டப்பான்னா நல்லது. பாத்ரூம்ல வைக்காதீங்க, அடுப்புக்கு மேல வைக்காதீங்க, பூட்டாதீங்க, ஆனா குழந்தை கைக்கு எட்டாத உயரம். மூடிக்கு உள்பக்கம் ஒரு பேப்பர ஒட்டி 108, தமிழ்நாட்டு மருத்துவ ஆலோசனைக்கு 104, எய்ம்ஸ் விஷ தகவல் மையம் 1800 116 117, பக்கத்து ஆஸ்பத்திரி நம்பர், யாருக்கு என்ன மாத்திரை, யாருக்கு என்ன அலர்ஜி எல்லாம் எழுதுங்க. பொங்கலுக்கு வீடு சுத்தம் பண்ணும்போது ஒரு தடவ, ஆயுத பூஜைக்கு ஒரு தடவ எக்ஸ்பைரி பாத்துடுங்க.

காருக்கு தனியா ஒரு பை வைங்க, அதுல மாத்திரை வேணாம், வெயில்ல நிறுத்துன கார்ல மருந்து கெட்டுடும், பிளாஸ்திரி பசை உருகி காகிதத்தோடயே ஒட்டிக்கும், அத மட்டும் அடிக்கடி மாத்துங்க. காஸ், ரோலர் பேண்டேஜ், கையுறை, கத்தரி, டார்ச் இருந்தா போதும். ரோட்டுல அடிபட்டவங்கள பாத்தா கேஸ் ஆகிடுமோன்னு தயங்காதீங்க, 2019ல திருத்துன மோட்டார் வாகன சட்டம் உதவி பண்றவங்களுக்கு பாதுகாப்பு குடுக்குது, பேர் சொல்லணும்னு கூட கட்டாயம் இல்ல, தமிழ்நாட்டுல இன்னுயிர் காப்போம் திட்டத்துல மொத 48 மணி நேர சிகிச்சையும் இலவசம். ரத்தம் வர்ற இடத்த அழுத்திப் பிடிச்சுட்டே 108க்கு கூப்பிட்டு ஃபோன ஸ்பீக்கர்ல போடுங்க, எந்த இடம்னு தெரியலன்னா ரோட்டோர கிலோமீட்டர் கல்லுல இருக்குற ஊர் பேரையும் நம்பரையும் படிச்சு சொல்லுங்க.