16 மணி நேரம் வயிற்றைக் காயப்போட்டும் எடை ஏன் குறையவில்லை? தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங், அதாவது நாளில் சில மணி நேரத்துக்குள் சாப்பாட்டை முடித்து மீதி நேரம் பட்டினி இருப்பது. இப்படி இருந்தால் எடை குறையுமா என்றால், குறையும். அடுத்த வருடமும் அந்த எடையிலேயே நிற்குமா என்பதுதான் கேள்வி. கடலூரிலும் புதுச்சேரியிலும் இதைத் தொடங்காத தெருவே இல்லை என்கிற அளவுக்குப் பரவிவிட்டது. பாதியில் விட்டவர்களும் அதே தெருக்களில்தான் இருக்கிறார்கள். பசி தாங்க முடியாமல் விட்டதாகச் சொல்வார்கள். விசாரித்தால், வீட்டு நடப்புக்குப் பொருந்தாத நேரத்தைப் பிடித்துக்கொண்டு திண்டாடியிருப்பார்கள்.

முதலில் ஆய்வுகள் சொல்வது. 2022-ல் வெளியான ஆய்வு ஒன்றில், சீனாவின் குவாங்சோ நகரில் உடல் பருமன் உள்ள 139 பேரை வைத்து ஒரு வருடம் பார்த்தார்கள். எல்லோருக்கும் உணவின் அளவைக் குறைத்தார்கள். ஒரு பிரிவினர் மட்டும் காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் சாப்பாட்டை முடிக்க வேண்டும். வருட முடிவில் அவர்களுக்குச் சராசரியாக 8 கிலோவும், நேரக் கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கு 6.3 கிலோவும் குறைந்தன. புள்ளியியல் கணக்கில் இதை வித்தியாசமாகவே எடுத்துக்கொள்ள முடியாது. 2020-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், 116 பேரில் ஒரு பிரிவினரிடம் மட்டும் அளவைப் பற்றி எதுவும் சொல்லாமல், மதியம் 12 முதல் இரவு 8 வரை மட்டும் சாப்பிடுங்கள் என்றார்கள். 12 வாரத்தில் அவர்களுக்குச் சராசரியாக ஒரு கிலோகூட இறங்கவில்லை. 2017-ல் வந்த இன்னொரு ஆய்வில், ஒரு நாள் விட்டு ஒரு நாள் பட்டினி இருந்தவர்களில் 38 சதவீதம் பேர் இடையில் கழன்றுகொண்டார்கள். தினமும் கொஞ்சம் குறைத்துச் சாப்பிட்டவர்களில் கழன்றது 29 சதவீதம்.

ஆக, கடிகாரத்துக்குத் தனியாக எந்தச் சக்தியும் கிடையாது. நேரத்தைச் சுருக்கியதால் சாப்பாடும் தானாகச் சுருங்கினால் எடை குறையும். அளவு பார்த்துச் சாப்பிட அலுப்புப்படுகிறவர்களுக்கு இது வசதியான வழி, அவ்வளவுதான்.

விட்ட நான்கு இட்லியைச் சாயங்காலத்துக்குள் திருப்பி எடுப்பது

எடை குறையாததற்கு முதல் காரணம் இதுதான். காலையில் நான்கு இட்லி, சாம்பார், தேங்காய்ச் சட்னி என்றால் சுமார் 400 கலோரி. அதை விட்டாயிற்று. மதியம் 12 மணிக்குப் பசி காதை அடைக்க உட்காரும்போது, வழக்கத்தைவிட 200 கிராம் சோறு கூடுதலாக இறங்குகிறது. அது 260. நாலரை மணிக்கு டீயோடு இரண்டு உளுந்து வடை என்றால் 200-க்கு மேல். காலையில் மிச்சப்படுத்தியது போய், கைக்காசும் போயாயிற்று. இரவு 8 மணிக்குக் கடை கட்டுவதற்கு முன் ‘இனிமேல் சாப்பிட முடியாதே’ என்று ஏழே முக்காலுக்கு வாயில் போடும் பண்ருட்டி முந்திரி தனிக் கணக்கு. ஒரு சின்னக் கைப்பிடி, 30 கிராம் இருக்கும், கிட்டத்தட்ட 170 கலோரி.

இதற்கு வழி, முதல் வேளையை எதில் தொடங்குகிறோம் என்பதில் இருக்கிறது. சோற்றில் கை வைப்பதற்கு முன் ஒரு கிண்ணம் கூட்டோ பொரியலோ, கூடவே முட்டை, மீன், சுண்டல் ஏதாவது ஒன்று. இவற்றைப் பத்து நிமிடம் நிதானமாகச் சாப்பிட்ட பிறகு சோறு. சோற்றைத் தட்டில் கொட்டாமல் 150 கிராம் பிடிக்கும் கிண்ணத்தில் எடுத்துப் போடுங்கள். சமையலறைத் தராசில் ஒரு முறை அளந்து, எந்தக் கிண்ணம் என்று முடிவு செய்துவிட்டால் போதும். தினமும் எடை போட வேண்டியதில்லை. எண்ணெயை மட்டும் அளந்தே ஊற்றுங்கள். 15 மில்லி எண்ணெய் சுமார் 130 கலோரி. தாளிக்கும்போது புட்டியைச் சாய்த்தால் இரண்டு மடங்கு விழுவது சாதாரணம்.

‘இது சாப்பாடு இல்லையே’ என்று குடிப்பவை

பட்டினி நேரத்தில் தண்ணீர், சர்க்கரையும் பாலும் இல்லாத கடுங்காப்பி, கடுந்தேநீர், சும்மா கொதிக்கவைத்த சீரகத் தண்ணீர், இவற்றுக்குத் தடையில்லை. மற்ற எல்லாமே சாப்பாடுதான். இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட பால் டீயில் 80 கலோரிக்குக் குறையாது. கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி, தேன் கலந்த எலுமிச்சைத் தண்ணீர், இளநீர், நன்னாரி சர்பத் எல்லாம் சர்க்கரைக் கணக்கில் வந்துவிடும். கருப்பட்டி நல்லது என்பதற்காக அதன் கலோரி மறைந்துவிடாது. காலை டீ இல்லாமல் கை ஓடாது என்பவர்கள் 16 மணி நேரத்துக்கு ஆசைப்படாமல், டீயையே முதல் வேளையாகக் கணக்கு வைத்து 12 அல்லது 13 மணி நேரம் இருக்கலாம். அது தோல்வி ஒன்றும் இல்லை. அல்சர், நெஞ்செரிச்சல் இருப்பவர்கள் வெறும் வயிற்றில் கடுங்காப்பி குடிக்கவே கூடாது.

புதுச்சேரியில் இதைச் சொல்லாமல் விட முடியாது: சரக்கு. 90 மில்லி பிராந்தியில் ஆல்கஹாலிலிருந்து மட்டும் 200 கலோரிக்கு மேல் வருகிறது. அதைவிட முக்கியமான விஷயம், காலி வயிற்றில் ஆல்கஹால் போனால் கல்லீரல் ரத்தத்துக்குச் சர்க்கரையை விடுவது தடைபடும். 15 மணி நேரம் பட்டினி இருந்துவிட்டு முதல் வாயே அதுவாக இருந்தால், சர்க்கரை திடீரென்று இறங்கி ஆளைக் கீழே தள்ளும். நீரிழிவு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது உயிர் ஆபத்து.

மாத்திரையை அதே நேரத்தில் போட்டுக்கொண்டு சாப்பாட்டை மட்டும் தள்ளுவது

எல்லாத் தவறுகளிலும் இதுதான் மோசமானது. எடை குறையாமல் போனால் நஷ்டம் ஒன்றும் பெரிதில்லை. இதில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும்.

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்லாசைடு வகை நீரிழிவு மாத்திரைகள், சாப்பாடு வருகிறதா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். இவற்றில் ஒன்றைக் காலை 8 மணிக்குப் போட்டுவிட்டு 12 மணி வரை சாப்பிடாமல் இருந்தால், பத்தரை பதினோரு மணிக்கே வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கண்ணைக் கட்டுதல் வந்துவிடலாம். பல சீட்டுகளில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் ஒரே மாத்திரையாக இருக்கும், அட்டையின் பின்பக்கம் பெயரைப் பாருங்கள். இன்சுலின் ஊசிக்கும் இதே எச்சரிக்கைதான். ரத்த அழுத்தத்துக்கு அட்டினலால், மெட்டோபுரலால் எடுப்பவர்களுக்குப் படபடப்பே தெரியாமல் போகலாம், வியர்வைதான் முக்கிய அடையாளம்.

சர்க்கரை 70-க்குக் கீழே போனால், அல்லது அளக்கும் கருவி கையில் இல்லாமல் இந்த அறிகுறிகள் வந்தால், உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறியதும் இட்லியோ சோறோ சாப்பிட வேண்டும். விரதம் கெட்டுவிடுமே என்று யோசிக்கிற நேரம் அது இல்லை. ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகளில் ஆபத்து வேறு மாதிரி. இவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுபவை. நீண்ட பட்டினியும் தண்ணீர்க் குறைவும் சேர்ந்தால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிவிடும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் இருக்கும், ஆனால் சர்க்கரை அளவு ஏறக்குறைய சாதாரணமாகவே காட்டும். அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சிறுநீர் பிரியச் செய்யும் பிரஷர் மாத்திரைகள் பட்டினியோடு சேர்ந்தால் படுக்கையிலிருந்து எழும்போது தலை சுற்றும். எந்த மாத்திரையை எந்த வேளைக்கு மாற்றுவது, எதைக் குறைப்பது என்பதைச் சீட்டு எழுதிய மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் முதல் நாளையே தொடங்க வேண்டும்.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள், முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள், ஏற்கெனவே ஒல்லியாக இருப்பவர்கள், சாப்பாட்டோடு மல்லுக்கட்டும் மனநிலைக் கோளாறு இருந்தவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகத் தொடங்கினால் பட்டினியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

யாரோ சொன்ன 12–8

மதியம் 12 முதல் இரவு 8 வரை என்பது செல்போனில் வரும் எல்லா வீடியோவிலும் இருக்கிறது. நம் வீடுகளில் காலை டிபன் எப்படியும் செய்தாக வேண்டும், பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும். சுடச்சுட இட்லி அவித்துக்கொண்டே பசியோடு நிற்பது எத்தனை மாதம் நடக்கும்? நம் சிக்கல் இரவில் இருக்கிறது. ஒன்பதரைக்குத் தோசை, அல்லது பத்து மணிக்குக் கடையில் இரண்டு பரோட்டா சால்னா. அதை வெட்டினாலே பாதி வேலை முடிந்தது.

எங்கள் கருத்தில் இங்கே நீடிப்பது காலை 9 முதல் இரவு 7 வரை, அதாவது 14 மணி நேர இடைவெளி. முதல் வாரம் இரவு 8 மணிக்கு முடித்து காலை 8-க்குச் சாப்பிடுங்கள். இரண்டாவது வாரம் இரவு சாப்பாட்டை ஏழரைக்கும் காலை டிபனை எட்டரைக்கும் மாற்றுங்கள். மூன்றாவது வாரத்திலிருந்து 7-க்கும் 9-க்கும். 14-ல் ஒரு மாதம் நிலைத்து நிற்காமல் 16-க்குப் போவது வீண். ஏழு மணிக்கு முடித்துவிட்டால் நடப்பதற்கும் நேரம் கிடைக்கும். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலையில் வண்டிகளை விடுவதில்லை. ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் சுமார் ஒன்றரை கிலோமீட்டர், போய்வந்தால் மூன்று. கடலூர்க்காரர்களுக்குச் சில்வர் பீச் இருக்கிறது. அங்கே சுண்டல் வாங்குவதாக இருந்தால் ஏழு மணிக்கு முன் வாங்குங்கள். மிளகாய் பஜ்ஜி எந்த மணிக்கும் வேண்டாம்.

நெய்வேலியிலும் கடலூர் சிப்காட்டிலும் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு இந்த மணிக்கணக்கு ஒத்துவராது. ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் நேரத்தை மாற்றினால் உடம்பு எதற்கும் பழகாது. இரவு ஷிஃப்டில் கிளம்புவதற்கு முன் முழுச் சாப்பாடு, நள்ளிரவிலிருந்து விடியும் வரை தண்ணீர் அல்லது சர்க்கரையில்லாத டீ, வீடு திரும்பியதும் லேசான டிபன், பிறகு தூக்கம். இது தாங்கக்கூடியது. கடலிலும் வயலிலும் வெயிலில் உடலை முறிக்கிறவர்களுக்குப் பட்டினியே தேவையில்லை. அக்னி நட்சத்திர நாட்களில் வெயிலில் நின்று வேலை செய்பவர் 16 மணி நேரம் இருக்கிறேன் என்றால், மயங்கி விழத் தயாராகிறார் என்றுதான் பொருள்.

கொழுப்போடு சதையும் கரைவது

மேலே சொன்ன 2020 ஆய்வில் சிலரின் உடற்கூறை ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, நேரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் குறைந்த எடையில் பெரும்பங்கு கொழுப்பு அல்லாத திசு என்று தெரிந்தது. தசை போனால் உடல் ஓய்வில் செலவழிக்கும் கலோரியும் இறங்கும், பிறகு விட்ட எடை சுலபமாகத் திரும்பும். மூன்று வேளையை இரண்டாக்கும்போது முதலில் அடிவாங்குவது புரதம். சாம்பாரை நம்ப முடியாது, ஒரு கிண்ணத்தில் பருப்பு எவ்வளவு இருந்துவிடப் போகிறது?

உங்கள் உயரத்துக்கேற்ற எடை 60 கிலோ என்றால் நாளுக்கு 60 முதல் 70 கிராம் புரதம் வேண்டும். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இது கஷ்டமே இல்லை. கடலூர் முதுநகரில் வந்திறங்கும் மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி எதுவானாலும் 150 கிராம் சுத்தம் செய்த மீனில் 28 கிராம் அளவு புரதம் இருக்கிறது. வஞ்சிரத்துக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. குழம்பு வையுங்கள், வறுவல் வேண்டாம். சைவம் என்றால் 150 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு கிண்ணம் கெட்டியான பருப்புக் கூட்டு, 200 மில்லி தயிர் சேர்ந்து ஒரு வேளைக்கு 26, 27 கிராம் வரும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. வாரம் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சி அவசியம். ஜிம் இல்லாவிட்டால் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால், தண்ணீர்க் குடத்தைத் தூக்கி நடப்பது.

இன்னொரு மயக்கம் ஆட்டோஃபேஜி, அதாவது செல்கள் தம் பழுதான பாகங்களைத் தாமே செரித்துக்கொள்வது. இதை ஆராய்ந்த ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல் நோபல் பரிசு கிடைத்தது உண்மை. அவர் அதைக் கண்டது ஈஸ்ட் செல்களில். மனிதருக்குச் சரியாகப் பதினாறாவது மணியில் அது தொடங்குகிறது என்று யாரும் நிரூபிக்கவில்லை. அதை நம்பிப் பதினேழு, பதினெட்டு என்று நீட்டிக்கொண்டே போவது வீண் வேலை.

எடை மெஷினில் தினமும் ஏறுவது

முதல் வாரம் இறங்கும் ஒன்றிரண்டு கிலோ பெரும்பாலும் நீர். கல்லீரலிலும் தசையிலும் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு, தன் எடையைப் போல மூன்று மடங்கு நீரைப் பிடித்து வைத்திருக்கும். அது செலவாகும்போது நீரும் போகும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிட்டால் திங்கள்கிழமை அதே நீர் திரும்பி வரும். அதைப் பார்த்து மனம் நொந்து விட்டுவிடுகிறவர்கள் அதிகம். வாரம் ஒரு முறை, அதே கிழமை, காலைக்கடன் முடித்தபின் எடை பாருங்கள். மாதம் ஒரு முறை இடுப்பை அளங்கள். நம்மவர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் வயிற்றுக் கொழுப்பு அதிகம் என்று பொருள். வாரத்துக்கு அரை கிலோ குறைந்தால் போதும். அதைவிட மிக வேகமாகக் குறைத்தால் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பு கூடும்.

சஷ்டி, கிருத்திகை, புரட்டாசிச் சனிக்கிழமை ஒருபொழுது இருப்பவர்கள், அந்த நாளில் சோற்றுக்குப் பதில் பலகாரமாக எடுக்கும் ஏழெட்டு இட்லியைக் கணக்கில் சேர்க்க மறக்க வேண்டாம். ரமலான் நோன்பு தண்ணீரும் குடிக்காமல் இருப்பது. அதை இதோடு கலந்து குழப்பாமல், அந்த மாதம் ஸஹரில் புரதம், நோன்பு திறந்தபின் நிறையத் தண்ணீர் என்று மட்டும் பார்த்துக்கொண்டு, பெருநாள் முடிந்து பழைய நேரத்துக்குத் திரும்பலாம்.

நினைத்த எடை வந்ததும் எல்லாவற்றையும் ஒரே நாளில் அவிழ்த்துவிடக் கூடாது. இடைவெளியை 14-லிருந்து 12 மணி நேரமாக்கி, நாளுக்கு 100 முதல் 150 கலோரி, அதாவது இரண்டு இட்லி அளவு, கூட்டி இரண்டு வாரம் பாருங்கள். எடை நின்றால் அதுவே உங்கள் அளவு. இரண்டு கிலோ ஏறினால், இரவுச் சாப்பாட்டை மறுபடி ஏழு மணிக்குக் கொண்டுவாருங்கள்.